தொப்பூர்க் கணவாயில் மீட்டர் முட்கள்

திங்கள், விடியற்காலை. சங்ககிரி.

ஏறத்தாழ 16 டன் சிமென்ட்டுடன் ஓசூருக்குப் புறப்படும் பத்துச் சக்கர லாரியின் டீசல் எஞ்சினைக் கிளப்பியதும் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் 5 பாரைத் தாண்டி நிற்கிறது. ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தின் அளவு. இந்த உயர்ந்த எண்ணை எஞ்சினின் நலத்துக்குச் சான்றாகக் கொள்வது பிழையாகும். இரவில் குளிர்ந்து தடித்துப்போன எண்ணெய் குறுகிய வழிகளில் எளிதில் நகர மறுப்பதாலேயே முள் அவ்வளவு ஏறுகிறது. அதற்குச் செய்தி அனுப்பும் சென்சார், பம்பிலிருந்து வரும் எண்ணெய் பேரிங்குகளுக்குப் பிரியும் முதன்மை வழியில் பொருத்தப்பட்டிருப்பதால், அது அளப்பது எண்ணெயின் இருப்பையன்று, ஓடும் எண்ணெய் சந்திக்கும் தடையையே; இருப்பை டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

அருகிலுள்ள ஏர் மீட்டர், இரவு 8 பாரில் விடப்பட்டிருந்தும், இப்போது 3 பார் காட்டுகிறது. எங்கோ ஓர் இணைப்பில் காற்று கசிகிறது என்பதை அந்த வேறுபாடு சொல்கிறது. நிறுத்தத்தில் சக்கரங்களைப் பிடித்திருப்பது வலிய ஸ்பிரிங்; காற்றழுத்தம் போதிய அளவு ஏறினாலொழிய அது பிடியை விடாது. விரைவில் ஏர் ஏறட்டும் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்து எஞ்சினை அலறவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எண்ணெய் இன்னும் தடிப்பாக இருக்கும் அந்த நிமிடங்களில், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளை எட்டக்கூடிய டர்போவின் தண்டுக்கு அதைவிடப் பெரிய தீங்கு செய்வது அரிது.

திங்கள், முற்பகல். தொப்பூர் ஏற்றம்.

சேலத்திலிருந்து தருமபுரிக்கு ஏறும் இச்சாலையில் கவனம் முழுவதும் டெம்பரேச்சர் மீட்டருக்கு உரியது. சமதளத்தில் 85 டிகிரி செல்சியஸை ஒட்டி அசையாதிருந்த முள், ஏற்றம் தொடங்கியதும் 90, 94, 97 என்று நகர்கிறது. எண்ணைவிட அது நகரும் வேகமே இங்கு முதன்மையானது. மெல்ல ஏறி ஓரிடத்தில் நிலைகொள்ளும் 97 சுமையின் இயல்பான விளைவாக இருக்கலாம், ஆனால் ஒரே கியரில், ஒரே சுமையில், நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் 93 அதைவிட அஞ்சத்தக்கது. இந்நிலையில் கியரைக் குறைத்து, சுற்று வேகத்தை 1,600-க்கு அருகில் வைத்து, ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் தளர்த்த வேண்டும். மேல் கியரிலேயே எஞ்சினைத் திணறவிட்டால் சிலிண்டருக்குள் எரிவெப்பம் மிகுகிறது. அதே நேரத்தில், எஞ்சினின் சுழற்சியையே நம்பியிருக்கும் தண்ணீர்ப் பம்பும் ஃபேனும் மெதுவாகச் சுழன்று, வெப்பத்தை வெளியேற்றும் வழி சுருங்கிவிடுகிறது.

ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று 60-க்குச் சரிந்தால் பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த மீட்டரில் நிகழக்கூடியவற்றுள் மிகக் கொடியது அதுவே. ஹோஸ் வெடித்துக் கூலண்ட் வெளியேறிவிட்டால் சென்சாரின் முனை நீரில் மூழ்கியிராமல் காற்றில் நிற்கும். எஞ்சின் தலைப்பகுதி வெந்துகொண்டிருக்க, முள் மட்டும் குளிர்ச்சியைக் காட்டும். ஏற்றத்தில், முழுச் சுமையில், காரணமின்றிக் குளிரும் எஞ்சின் எதுவும் இல்லை.

திங்கள், நண்பகல். தருமபுரி.

சூடு மட்டும் ஏறி, கூலண்ட் குறையாதிருந்தால், லாரியை ஓரங்கட்டி எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட வேண்டும். உடனே அணைத்துவிட்டால் நீரோட்டம் நின்று, வார்ப்பிரும்பில் தேங்கிய வெப்பம் மேலும் ஏறும். டர்போ பேரிங்கில் தங்கிய எண்ணெயும் கரியும். ஆயில் பிரஷர் விழுந்தாலோ செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: சாலையோரம் சேர்ந்த நொடியே அணைக்க வேண்டும். பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையில் இருக்கும் எண்ணெய்ப் படலம் அறுந்தபின் ஐட்லிங்கும் அழிவே. கூலண்ட் இழந்த எஞ்சினும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இரண்டு முட்களும் இவ்வாறு எதிரெதிரான செயலைக் கேட்பதை ஓட்டுநர் பயிற்சியில் இன்னும் அழுத்தமாகச் சொல்லித்தர வேண்டும்; எச்சரிக்கை என்றாலே அணைப்பது என்ற ஒற்றைப் பழக்கம் பல எஞ்சின்களைக் கெடுக்கிறது.

ரேடியேட்டர் மூடியை இப்போது திறக்கலாகாது. மூடி தாங்கும் கூடுதல் அழுத்தத்தால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமலிருக்கும் நீர், அழுத்தம் நீங்கிய கணத்தில் ஆவியாகிச் சீறும்.

புதன், பிற்பகல். தொப்பூர் இறக்கம்.

திரும்பும் பாரம் கிருஷ்ணகிரிக் கிரானைட். கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலத்தை நோக்கி இறங்கும் இப்பகுதியில் நிகழ்ந்த பல விபத்துகளுக்குப் பின்னால், டீசலை மிச்சம்பிடிக்க லாரியை நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்திருக்கிறது. கியர் விடுபட்டால் எஞ்சினின் இழுப்பு அறுபட்டு, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. இங்கே ஏர் மீட்டரை மட்டும் நம்புவோர் ஏமாறுவர்: பிரேக் டிரம் சூடேறி விரிந்து, லைனிங் பிடிமானத்தை இழக்கும்போதும் முள் 8 பாரிலேயே நிற்கக்கூடும். காற்று இருக்கும், பிரேக் இராது. டிரம்மின் வெப்பத்தைச் சொல்லும் மீட்டர் பெரும்பாலான லாரிகளில் இல்லை.

ஆகவே இறக்கத்தில் பார்க்க வேண்டியது சுற்று வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டர். ஏறிய கியரிலேயே இறங்கி, புகைப்போக்கை அடைத்து எஞ்சினைத் தடுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, முள்ளைச் சிவப்புப் பட்டைக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். சிவப்பை அது நெருங்கினால் பிரேக்கை உறுதியாக அழுத்தி வேகத்தை நன்கு குறைத்து விட்டுவிட வேண்டும். எஞ்சினின் கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுவதை அதனால் தடுக்க இயலாது.

வியாழன். பட்டறை.

சூடான எஞ்சினின் ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் 1 பார். பல எஞ்சின்களுக்கு இது ஏற்கத்தக்க எண். எனினும் ட்ரிப் நோட்டில் சென்ற மாதம், இதே சூட்டிலும் இதே சுற்றிலும், 1.5 பார் என்று எழுதப்பட்டிருக்கிறது. குறிப்பு இல்லாதிருந்தால் இவ்வீழ்ச்சி தெரிந்திராது. முதலில் ஐயுற வேண்டியது சென்சாரை. ஆதலால் அதைக் கழற்றி, அவ்விடத்தில் இயந்திர அழுத்தமானி ஒன்றை இணைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரரான யூஜின் போர்டன் 1849-இல் காப்புரிமை பெற்ற வளைகுழாயே இன்றும் அதனுள் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் வளைந்த தட்டைக்குழாய் நிமிர முயல, அந்த அசைவு முள்ளைத் திருப்புகிறது, மின்சாரம் எதுவும் தேவையில்லை. அதுவும் 1 பாரையே காட்டினால் டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து, ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளில் உலோகத்துகள் மின்னுகிறதா என்று பார்த்து, மின்னினால் அடுத்த பாரத்தை ஒப்புக்கொள்ளாமல் சம்ப்பைக் கழற்றி பேரிங்குகளைச் சோதிக்க வேண்டும்.