கூடுதல் கட்டணம்: எது தகும், எது தகாது?



கோடை விடுமுறை நெருங்கும்போது, பிழைப்புக்காகப் பட்டணம் வந்த நம்முடைய வீடுகளில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழும்புகிறது. "இந்த வருஷமாவது அந்தப் பெரிய பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவீர்களா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நுழைவுச்சீட்டு எவ்வளவு என்பதைப் பெற்றோர் முன்னமே விசாரித்து வைத்திருப்பார்கள். அதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்தும் வைத்திருப்பார்கள். தடுமாற்றம் வருவது அதற்குப் பின்புதான். வரிசையில் காத்திராமல் செல்லும் விரைவுச்சீட்டு, உணவுக் கூப்பன், லாக்கர் வாடகை, நீரில் இறங்கும் உடை, சவாரியின்போது எடுக்கும் புகைப்படம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும் பட்டியலில் எதை வாங்குவது, எதை விடுவது?

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில், பிடதிக்கு அருகே, வொண்டர்லா பூங்கா 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அன்றுமுதல் எங்கள் சபைக் குடும்பங்களோடு பலமுறை அங்கே போயிருக்கிறேன். சவாரிகளில் ஏறியதைவிடப் பைகளுக்குக் காவலாக மரநிழலில் உட்கார்ந்திருந்த நேரமே அதிகம். அப்படி உட்கார்ந்திருப்பவனுக்கு, எந்தக் குடும்பம் எதற்குப் பணம் கொடுத்தது, மாலையில் எந்த முகத்தோடு திரும்பியது என்பதெல்லாம் நன்றாகத் தெரியும். அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன். வேதாகமக் கல்லூரியில் எதையும் மூன்று தலைப்புகளாகப் பிரித்துப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. ஆகவே நேரம், சரீர சௌகரியம், நினைவு என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். பூங்காவில் நாம் கொடுக்கும் கூடுதல் கட்டணம் ஒவ்வொன்றும் இம்மூன்றில் ஏதோ ஒன்றுக்கான கிரயமே.

முதலாவது, நேரம். இதற்கான கட்டணமே எல்லாவற்றிலும் பெரியது. வொண்டர்லாவில் ஃபாஸ்ட்டிராக் எனப்படும் விரைவுச்சீட்டின் விலை, சாதாரணச் சீட்டைப்போல ஏறத்தாழ இருமடங்கு. அது எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் முடிவெடுப்பது எளிது. ஒரு சவாரியில் மணிக்கு 360 பேர் ஏறலாம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முன்னால் 180 பேர் நின்றால், அரை மணி நேரத்தில் உங்கள் முறை வரும். இருக்கைகளில் பாதி விரைவுச்சீட்டுக்காரருக்குப் போய்விட்டால், அதே வரிசைக்கு ஒரு மணி நேரம் ஆகும். விரைவுச்சீட்டினால் சவாரியின் கொள்ளளவு கூடுவதில்லை. ஒருவர் காத்திருக்க வேண்டிய நேரம் இன்னொருவர்மேல் ஏற்றப்படுகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காக்களில் 1999-இல் இவ்வித ஏற்பாடு தொடங்கியபோது அதற்குக் கட்டணமே இல்லை. 2021-இல் அதன் இடத்தில் கட்டணமுள்ள முறை வந்தது.

சிறுவயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் ராட்டினம் சுற்றுவார்கள். பண்ணையார் மகனும் பனையேறி மகனும் ஒரே காசைக் கொடுத்து, ஒரே வரிசையில் நின்றோம். இன்றைய பிள்ளைகளோ, மணிக்கட்டில் வேறு பட்டை கட்டிய பிள்ளைகள் தங்களைக் கடந்து உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பெற்றோரின் தடுமாற்றத்துக்கு இதுவே உண்மையான காரணம் என்பதை ஒரு சகோதரர் எனக்கு உணர்த்தினார்.

அவர் பீனியா தொழிற்பேட்டையில் இயந்திரம் ஓட்டுகிறவர், தென்காசிப் பக்கத்தவர். மனைவி, பத்தாம் வகுப்பு முடித்த மகன், எட்டு வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த அறுபத்தேழு வயதுத் தாயார் என்று ஐந்து பேர். கையில் 12,000 ரூபாய் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்தபின், "பாஸ்டர், கடன் வாங்கியாவது எல்லாருக்கும் அந்த விரைவுச்சீட்டை வாங்கிவிடலாமா என்று பார்க்கிறேன். என் பையன் வரிசையில் நிற்க, அவன் கூடப் படிக்கிற பையன்கள் பக்கத்து வழியாகப் போனால் அவன் மனசு என்ன பாடுபடும்?" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

நாங்கள் இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். "முதலில் தலைகளை எண்ணுவோம், தம்பி" என்றேன். தாயார் ராட்சதச் சவாரி எதிலும் ஏறப்போவதில்லை. அவருக்கு விரைவுச்சீட்டு வீண். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு நுழைவுச்சீட்டிலேயே சலுகை உண்டு. வயதுச் சான்று மட்டும் வேண்டும். மகளின் உயரம் 120 சென்டிமீட்டர்கூட இல்லை. பெரிய சவாரிகள் பலவற்றுக்குக் குறைந்தபட்ச உயரம் நிர்ணயித்திருப்பதால், கூடுதல் பணம் கட்டினாலும் அவளை அவற்றில் ஏற்றமாட்டார்கள். மனைவிக்கோ தலைசுற்றல். ஐந்து பேருக்கு என்று பேசத் தொடங்கியது, தகப்பனும் மகனும் என்ற இருவரில் வந்து நின்றது.

அடுத்து நாளை எண்ணினோம். அவர் நினைத்திருந்தது ஞாயிறு ஆராதனைக்குப் பிற்பட்ட பொழுது. வாரத்தில் அதைவிட நெருக்கமான பொழுது வேறில்லை. சீட்டு விலையும் வாரநாளைக் காட்டிலும் கூடுதல். சாதாரண வாரநாள் ஒன்றில் போவதானால் அவர் ஒரு நாள் சம்பளத்தை, அதாவது 900 ரூபாயை இழக்க வேண்டும். விரைவுச்சீட்டுக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் கூடுதல் என்று வைத்தாலும் இருவருக்கு 2,000. ஆக, சம்பளமில்லாத அந்த ஒரு நாள் விடுப்பே மலிவான விரைவுச்சீட்டு! அதுவும் ஐந்து பேருக்கும் சேர்த்து. கர்நாடகப் பள்ளிகள் ஏப்ரல் நடுவில் விடுமுறைக்குள் வந்துவிடுகின்றன. மே மாதக் கூட்டம் பெருகுமுன் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தெரிந்துகொண்டோம்.

முந்தின இரவு அவர் அந்த நோட்டை மகனிடம் காட்டி, கணக்கை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மகன் ஒன்றும் பேசவில்லையாம். அன்றும் விரைவுச்சீட்டுக்காரர் சிலர் அவர்களைக் கடந்து போகத்தான் செய்தார்கள். ஒரு சவாரிக்குத் தகப்பனும் மகனும் முப்பத்தைந்து நிமிடம் நின்றார்கள். இரண்டு ஷிஃப்ட் பார்க்கும் அந்தச் சகோதரர் மகனோடு அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. அவன் பி.யு.சி.க்குப் போக விரும்பவில்லை, பாலிடெக்னிக்கில் சேர விரும்புகிறான் என்பது அந்த வரிசையில்தான் அவருக்குத் தெரியவந்தது. அடுத்த வாரம் விண்ணப்பத்தைப்பற்றிக் கேட்க இருவரும் சேர்ந்தே என்னிடம் வந்தார்கள்.

அப்படியானால் விரைவுச்சீட்டை ஒருபோதும் வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். எங்கள் சபையில் செவிலியாகப் பணிபுரியும் ஒரு சகோதரி இருக்கிறார். கிறிஸ்துமஸ் வாரத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள் விடுப்பு. மும்பையிலிருந்து அக்காள் பிள்ளைகள் இருவர் வந்திருந்தார்கள். இருவரும் வளர்ந்தவர்கள், எல்லாச் சவாரியிலும் ஏறத் துடிக்கிறவர்கள். நாளை மாற்ற வழியில்லை, கூட்டமோ உச்சத்தில். "தாராளமாக வாங்குங்கள், அம்மா" என்றேன். மூவரும் வாங்கினார்கள், கொடுத்த பணம் முழுவதும் பிரயோஜனப்பட்டது. நாளை மாற்ற முடியாமை, கூட்டம் மிகுந்த நாள், எல்லாரும் ஏறக்கூடியவர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்தச் சீட்டு தகும். ஒன்று குறைந்தாலும் இன்னொருமுறை யோசியுங்கள்.

இரண்டாவது, சரீர சௌகரியம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் தாழ்மையான ஆலோசனை. லாக்கர் ஒன்று கட்டாயம் எடுங்கள். நம்மில் அநேகருக்கு நகையைப்பற்றிய கவலை இல்லை; ஆனாலும் கைப்பேசி, மூக்குக்கண்ணாடி, மாற்றுடை, மாத்திரை எல்லாம் இருக்கின்றனவே. ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும். நீர்ச்சவாரிகளில் பருத்தி உடையை அனுமதிப்பதில்லை. நூலிழை உதிர்ந்து வடிகட்டிகளை அடைத்துவிடும். புடவையோடும் சுடிதாரோடும் இறங்கவும் முடியாது. நம்முடைய சகோதரிகள் இதைக் கேட்டுத் தயங்குவது எனக்குத் தெரியும். கழுத்துமுதல் கணுக்கால்வரை மூடும் நைலான் உடைகள் நகரத்துத் துணிக்கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை முன்கூட்டியே நகரத்தில் வாங்குங்கள். வாசலில் அவசரத்தில் வாங்கினால் அளவும் பொருந்தாது, விலையும் மிகும். இறங்க மனமில்லாதவர்களுக்கு நிலச்சவாரிகளே ஒரு பகல்பொழுதுக்குப் போதும்.

வெளி உணவை உள்ளே விடமாட்டார்கள். ஆகையால் காலையில் பிடதியில் இறங்கி, அந்த ஊருக்குப் பேர்போன தட்டு இட்லியை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மதியம் மட்டும் உள்ளே சாப்பிட்டால் போதும். சீட்டோடு சேர்த்து விற்கும் உணவுக் கூப்பனை வாங்குமுன், அதில் என்னென்ன அடங்கும் என்று பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் அரைத்தட்டு சாப்பிடுகிறவர்களானால், கூப்பன் வாங்காமல் தனித்தனியாக வாங்கிப் பகிர்ந்துகொள்வதே லாபம்.

மூன்றாவது, நினைவு. குடும்பப் படத்தை வாசலிலேயே உங்கள் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளலாம். சவாரி கீழ்நோக்கிப் பாயும்போது எடுக்கும் படத்தை நாம் எடுக்க முடியாது. அதில் ஒன்றே ஒன்று வாங்கலாம். தென்காசிச் சகோதரர் வீட்டில், வாய் பிளந்து அலறும் தகப்பனும் கண்களை இறுக மூடிய மகனும் இன்றைக்கும் அலமாரியின்மேல் இருக்கிறார்கள். பாட்டி ஒரு பிரதியை ஊருக்குக் கொண்டுபோனார். பந்தெறிந்து பொம்மை வெல்லும் விளையாட்டுகளைப்பற்றி மட்டும் எச்சரிக்கை: பணம் தெரியாமல் கரையும் இடம் அது. காலையிலேயே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் 100 ரூபாய் கொடுத்து, "இது உன்னுடையது, தீர்ந்தால் தீர்ந்தது" என்று சொல்லிவிடுங்கள். பிறகு உங்களை நச்சரிக்கமாட்டார்கள்; தாங்களே எண்ணிப் பார்ப்பார்கள்.

மும்பையிலும் புனேயிலும் இருக்கும் வாசகர்கள், 2013-இல் கோப்போலி அருகே திறக்கப்பட்ட இமேஜிகா பூங்காவுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தொலைவு மிகுதியாகையால், அங்கே போக்குவரத்துச் செலவையும் முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் அளந்து குறியுங்கள். பூங்காவின் அன்றைய விலைப்பட்டியலையும் சலுகைகளையும் பார்த்து, வரி உட்பட மொத்தம் எவ்வளவு என்று கூட்டுங்கள். கணக்கின் கடைசியில் ஒரு 500 ரூபாயை எதற்கும் ஒதுக்காமல் தனியே வையுங்கள். மாலையில் பேருந்து நிரம்பி வழியும்போது, பாட்டியின் கால்வலிக்கு ஒரு ஆட்டோ பிடிக்க அது உதவும்.