குறும்படத்துள் அடங்காத கதை

புனே திரைப்படக் கல்லூரியில் பயின்றபோது, மும்பைச் செவிலியர் இருவரைப் பற்றிய கதையைப் பட்டயக் குறும்படமாக எடுக்கவே பாயல் கபாடியா எண்ணினார். கதை அச்சிமிழுக்குள் அடங்கவில்லை. வளர்ந்து, 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரீ விருது பெற்ற முழுநீளப் படமாயிற்று. தொடக்கத்திலேயே, பிழைக்க வந்தோரின் குரல்கள் பல மொழிகளில் ஒலிக்கின்றன. நம் குரலும் அதுதானே!

செவிலியரை விட, மருத்துவமனைச் சமையற்காரி பார்வதியே என் நெஞ்சில் தைத்தாள். கணவர் ஆலைத் தொழிலாளி. அவர் மறைந்தபின், குடியிருந்ததற்குச் சான்றுத்தாள் இல்லையென்று அவளை வெளியேற்றுகின்றனர். தாள்களைக் கோப்பில் சேர்த்தே வயிறு வளர்க்கும் எனக்கு அது உறுத்தாதா?

தாராவி மறுசீரமைப்பில் அங்கேயே இலவச வீடு பெற, 2000 ஜனவரி 1க்கு முந்தைய குடியிருப்புச் சான்று வேண்டும். அன்றிரவே அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பழைய மின்கட்டண ரசீதுகள் யாவும் 2005 ஜூலை வெள்ளத்தில் ஊறி, ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. "பிரிச்சுப் பாருப்பா, உள்ளே எழுத்து இருக்கும்" என்றார் அத்தை.