மழையில் காருக்கு சார்ஜ் போடலாமா?

போன வருஷம் மகன் மின்சாரக் கார் வாங்கியதிலிருந்து எங்கள் தெருவில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எதிர்வீட்டு அம்மா நேரடியாகவே கேட்டார்: "ஏனுங்க, இந்த மழையில வயரைச் சொருகி வச்சிருக்கீங்களே, கரண்டு அடிக்காதுங்களா?" கோவையில் ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் சாரல் விட்டு விட்டுத் தூறும். ஐப்பசியில் சாயங்காலம் இடியோடு கொட்டும். ஆக வருஷத்தில் பாதி நாள் இந்தக் கேள்விக்கு உயிர் இருக்கும்.

போடலாம் என்பதுதான் பதில். ஆனால் அந்தப் பதிலை எந்த வீட்டுக்குச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. பயம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லாமல் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எல்லோரும் காரையும் அந்த 'கன்'னையும் பார்த்துப் பயப்படுகிறார்கள். சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

காரில் சொருகும் கன்னுக்குள் மின்சாரம் எப்போதும் நின்றுகொண்டிருக்காது. அதன் முனைகளில் எர்த் முனைதான் முதலில் தொடும், கழற்றும்போது கடைசியில் விடும். 'பைலட்' என்ற சின்ன முனை கடைசியில் தொட்டு முதலில் விடும். அந்த பைலட் வழியே 12 வோல்ட் சங்கேதத்தில் காரும் சார்ஜரும் பேசிக்கொள்கின்றன. கார் 'நான் இணைந்துவிட்டேன், தயார்' என்று சொன்ன பிறகுதான் சார்ஜர் உள்ளே இருக்கும் ரிலேயை மூடி 230 வோல்ட்டை விடும். அதற்கு முன் கன் மழையில் நனைந்தாலும் அதில் ஆளைக் கொல்ல ஒன்றும் இல்லை. பேட்டரிப் பெட்டிக்கோ, இங்கே விற்கும் பல கார்களில், ஐபி 67 என்ற தரம் இருக்கிறது. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகக்கூடாது என்று பொருள். சாரல் அதற்கு எம்மாத்திரம்.

இனி சுவருக்கு வருவோம்.

நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். மின்சாரம் தாக்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து உதவி கேட்கும் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போகும். கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, ஆர்.ஐ. அறிக்கை, முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, வாரிசுச் சான்று, இவ்வளவையும் நூல் கோத்துக் கட்டுவது என் வேலை. மழைக்காலத்தில் கட்டு தடிக்கும். காரணங்கள் மட்டும் மாறவே மாறாது: கிணற்று மோட்டார் சுவிட்சை ஈரக்கையால் தொட்டது, துணி காயப்போட்ட கம்பியில் மின்சாரம் பாய்ந்தது, கிரைண்டரில் மாவு தள்ளும்போது. பைக்காரா மின்சாரம் 1932-ல் வந்ததிலிருந்து இந்த ஊர் மில்லும் மோட்டாரும் பம்பும்தான். கிரைண்டரோ இந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் சாமான். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் புழங்கும் ஊர் இது. ஒரு கோப்பில் வாரிசுதாரர் என்ற இடத்தில் ஆறு வயதுப் பெண்குழந்தை பெயர் மட்டும் இருந்தது. அம்மா தூக்கி விட ஓடியவள், அப்பாவோடு சேர்ந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் எதில் சிக்கனம் பிடித்தாலும் எர்த்தில் நான் பிடித்ததில்லை.

அந்தக் கோப்புகளில் பலவற்றில் "வீட்டில் ஃபியூஸ் போகவில்லை" என்ற வரி இருக்கும். போகாது. ஃபியூஸும் எம்சிபியும் ஒயரைக் காப்பாற்ற வந்தவை. 16 ஆம்பியர் எம்சிபி, 16 ஆம்பியர் தாண்டினால்தான் விழும். மனித உடம்பு வழியே ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போனால் போதும், இதயம் நின்றுவிடலாம். எம்சிபிக்கு அது ஒரு கணக்கே இல்லை.

ஆளைக் காப்பாற்ற வேறொரு கருவி வேண்டும். ஆர்சிடி என்றோ ஆர்சிசிபி என்றோ கடையில் கேட்டால் கொடுப்பார்கள். நான் பாண்டிச்சேரியில் ப்ரெவே வரை பிரெஞ்சு மொழியில் படித்தவன், பிறகுதான் மாமா வீட்டுக்குக் கோவை வந்தேன். பிரெஞ்சில் இதன் பெயர் 'திஃபெரான்சியேல்'. வித்தியாசம் பார்ப்பது என்று பொருள். அந்தப் பெயரைக் கேட்டாலே குமாஸ்தா புத்திக்குப் புரிந்துவிடும். ஃபேஸில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பி வந்தது எவ்வளவு, இரண்டும் டாலி ஆகிறதா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் அது எங்கேயோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனிதன் வழியாகக் கசிகிறது. உடனே, கண் இமைக்கிற நேரத்தில், இணைப்பை வெட்டிவிடும். பிரான்ஸில் 1991 முதல் புது வீடுகளின் பிளக் இணைப்புகளுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் கருவி கட்டாயம். நம் மின்வாரியமும் வீடுகளில் பொருத்தச் சொல்லி அறிவித்திருக்கிறது. எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எண்ண ஒரு கை போதும்.

(ஒரு சின்னப் பெருமை. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஆம்பேர், கூலோம் இருவரும் பிரெஞ்சுக்காரர்கள் என்று மார்தட்டிச் சொல்வார். லியோன்காரரான அந்த ஆம்பேர், கோவைக்கு வந்ததும் 'எத்தனை ஆம்ஸ்ங்க?' என்று ஆகிவிட்டார். 2008-ல் ஹேமலதா அண்ணாமலை இங்கே தொடங்கிய மின்ஸ்கூட்டர் நிறுவனத்துக்கும் அவர் பெயர்தான். வாத்தியார் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.)

காருக்கென்று வாங்கும்போது ஒரு விஷயம். இந்தக் கருவியில் 'ஏசி' வகை, 'ஏ' வகை என்று உண்டு. காருக்குள் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாக மாறுகிறது. ஏதாவது கோளாறில் அந்த நேர்மின்சாரம் பின்னால் கசிந்தால், விலை குறைந்த ஏசி வகையின் கண்ணை அது மறைத்துவிடும். ஏ வகைதான் வேண்டும். கூடவே, காரோடு வரும் கேபிளில் இருக்கும் பெட்டிக்குள்ளும் ஒரு காவல் உண்டு. அது அந்தக் கேபிளுக்கும் காருக்கும்தான். சுவருக்குள் நடப்பது அதற்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் பாயிண்ட் போட வந்த தம்பி நல்ல வேலைக்காரன்தான். எல்லாம் மாட்டி, கேபிளைச் சொருகியதும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் சரியில்லை என்று அது சொல்கிறது. தம்பி அசரவில்லை. "ஒண்ணும் பிரச்சினையில்லீங்க ஐயா, பிளக்குக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு லூப் போட்டு உட்டர்றேன். பச்சை லைட் வந்துருமுங்க. எல்லா ஊட்லயும் அப்பிடித்தானுங்க."

எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. "வேண்டாம் கண்ணு" என்று சொல்லிக் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த லூப் என்ன செய்யும்? காரின் உடம்புக்குக் கசியும் மின்சாரம் நியூட்ரல் வழியே திரும்பிவிடும். போனதும் வந்ததும் டாலி ஆகும், திஃபெரான்சியேல் வாய் திறக்காது. குமாஸ்தா பாஷையில் சொன்னால் கள்ளக் கணக்கு. அது சின்ன ஆபத்து. மழைக்காற்றில் கம்பத்தில் நியூட்ரல் ஒயர் அறுந்தாலோ தளர்ந்தாலோ வருவதுதான் பெரியது. வீட்டில் ஓடும் ஃபேனும் ஃப்ரிட்ஜும் வழியே வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த நியூட்ரலில் நிற்கும். லூப் வழியே காரின் உடம்புக்கு ஏறும். டயர் ரப்பர், மண்ணுக்கு விடாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து கதவைத் தொடுகிற பேத்திதான் அதற்கு வழி.

தம்பிக்கு முகம் சுருங்கியது. குழி தோண்ட ஆள் கூலி, குழாய், கரி, உப்பு என்று செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினான். "காரு வாங்குன காசுல இது ஒரு காசா கண்ணு?" என்றேன். இரண்டு நாளில் எட்டடிக் குழி வெட்டி, தனி எர்த் போட்டு, அளந்து பார்த்தபின் விளக்கு தானாகப் பச்சை ஆனது.

இன்னொன்றும் கவனித்தேன். எர்த்துக்கு மழை எதிரியில்லை, சிநேகிதன். ஈர மண்ணில் மின்சாரம் சுலபமாக இறங்கும். சித்திரையில் எங்கள் ஓடைக்கல் மண் காய்ந்து பாறையாகும்போதுதான் எர்த் கெடுகிறது. அதனால் மார்ச் முதல் வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு. மனைவி, "செடிக்கு ஊத்தறதை விட்டுட்டு பள்ளத்துக்கு ஊத்தறீங்க" என்பாள்.

மற்றபடி சின்னச் சின்னப் பழக்கங்கள்தான். கார் சார்ஜ் ஆகும்போது ஏழெட்டு மணி நேரம் விடாமல் 14, 15 ஆம்பியர் இழுக்கும். ஹீட்டர் பத்து நிமிஷத்தில் அணைந்துவிடும், இது அணையாது. தளர்ந்த பிளக் சூடேறி உருகுவது இப்படித்தான். பிரான்ஸில் இருக்கும் தங்கை மகனிடம் கேட்டேன். "மாமா, இங்க சாதாரண பிளக்குன்னா எட்டு, பத்து ஆம்பியருக்கு மேல இழுக்காதபடி கேபிளே பார்த்துக்கும்" என்றான். 3.7 கிலோவாட்டுக்கு மேல் என்றால் சான்று பெற்ற எலக்ட்ரீஷியன்தான் பொருத்த வேண்டும் என்று 2017-ல் அங்கே ஆணையும் போட்டிருக்கிறார்கள். நாம் அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்க்கலாம், இளஞ்சூடு பரவாயில்லை, சுட்டால் நிறுத்த வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மூடி போட்ட பிளக், நெஞ்சு உயரத்தில், கூரைத் தண்ணீர் விழும் இடத்தை விட்டுத் தள்ளி. கேபிள் பெட்டி தரையில் கிடக்காமல் ஆணியில் தொங்க வேண்டும். பிளக்குக்கு முன் கேபிள் ஒரு வளைவு தொங்கினால் வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கன்னைத் தொங்கவிடும்போது வாய் கீழ்நோக்கி, மூடியோடு. மழை வந்தால் எறும்பு உலர்ந்த இடம் தேடும், கன்னின் வாய் அதற்கு நல்ல வீடு. மாதம் ஒருமுறை ஆர்சிசிபியில் 'டி' பொத்தானை அமுக்கி விழுகிறதா என்று பார்ப்பது என் பென்ஷன் நாள் சடங்கு.

இடி இடிக்க ஆரம்பித்தால் நான் சார்ஜ் போடுவதில்லை. லைனில் வரும் திடீர் மின்னழுத்தம் சார்ஜரைக் கெடுக்கும். முழுக்க இருட்டிக்கொண்டு வருவதற்கு முன்பே நிறுத்தி, கன்னைக் கழற்றி, சுவர் சுவிட்சை அணைத்துவிடுவேன்.

மழையில் நனைந்த கார் வேறு, வெள்ளத்தில் நின்ற கார் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று டிவியில் பார்த்தோம். அப்படி மூழ்கிய மின்காரை, தண்ணீர் வடிந்ததும் சொருகிப் பார்ப்போமே என்று நினைக்கவே கூடாது. கம்பெனிக்காரர் வந்து பார்க்கும் வரை வீட்டை ஒட்டி நிறுத்தவும் கூடாது. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் 2022 புயலில் கடல்நீர் புகுந்த கார்கள் சில பல நாள் கழித்துத் தீப்பிடித்தன. உப்பு உள்ளே தங்கி வேலை காட்டும். நமக்குக் கடல் இல்லை, ஆனால் ரயில்வே பாலங்கள் இருக்கின்றன. லங்கா கார்னரில் தண்ணீர் நின்றால் அரை மணி தாமதமானாலும் சுற்றிக்கொண்டு வா என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.