அரை நூல் தள்ளு!

தச்சர்கள் பேசும் 'நூல்' தைக்கிற நூல் இல்லை. ஓர் அங்குலத்தில் 8-ல் 1 பங்கு. மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். மெட்ரிக் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஆசாரி வாயில் இன்னமும் நூல்தான்.

நூலுக்குக் கீழே போனால்தான் வேடிக்கை. அரை நூல், கால் நூல் வரை டேப்பில் பார்க்கலாம். அதற்கப்புறம் எல்லாம் அவருடைய கற்பனை. 'தாள் கனம்', 'கொசு கால்', 'எறும்பு ஒருக்களிச்சுப் போற சந்து'! மயிரிழை என்பது நல்ல தமிழ்தான்; பேச்சில் பாதிச் சொல் வசவாகிவிட்டதே! கூட வேலை செய்யும் பையனிடம் "ஒரு ம..." என்று ஆரம்பிப்பார். என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "முடிம்மா, ஒரு முடி!" என்பார்.

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் குளியலறைக் கதவு ஊதிப்போய், மாமியார் உள்ளே மாட்டிக்கொண்டார். எழுபத்தெட்டு வயசு, சர்க்கரை வேறு. ஈரத்தரையில் நின்றுகொண்டு கதவை இழுக்கிறார். வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு என்னாவது? "அத்தை, இழுக்காதீங்க, ஸ்டூலைத் தள்ளிப் போட்டு உட்காருங்க" என்று கத்திவிட்டு, நானும் என் பெண்ணும் தோளால் முட்டித் திறப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

மறுநாள் ஆசாரி வந்தார். டேப்பை எடுக்கவே இல்லை. பழைய எட்டணாக் காசு ஒன்றைக் கதவிடுக்கில் ஓட்டிப் பார்த்து, சிக்கின இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். "ஒரு நூலே எடுத்துடுங்களேன்" என்றேன்.

"வேணாம்மா. மரம் தண்ணி குடிச்சா அகலத்துலதான் ஊதும். இப்ப ஒரு நூல் இழைச்சா, சித்திரை வெயில்ல சுருங்கி, பல்லி குடும்பத்தோட வரும். அரை நூல் போதும்."

அரை நூல்தான் இழைத்தார். இழைத்த விளிம்புக்கும், யாருமே கவனிக்காத கதவின் அடிவிளிம்புக்கும் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். அடித்த பிறகு கதவு மறுபடி சிக்கவில்லை.

தங்க வேலையில் மட்டும் இந்த வேடிக்கைப் பேச்சை நான் ரசிப்பதில்லை. 'குண்டுமணி அளவு' என்பது அங்கே நிஜமான எடை. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய கணக்கு. "தூசிதாம்மா சேதாரம்" என்று யாராவது சொன்னால், "அந்தத் தூசி எத்தனை மில்லி?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிவிடுவேன்.

கோவையில் லேத் பட்டறையில் இருக்கும் என் அக்கா பையனுக்கு நூல் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். அவர்கள் கணக்கு 'தௌ'வாம். ஓர் அங்குலத்தில் 1000-ல் 1 பங்கு. தலைமுடியே இரண்டு மூன்று தௌ கனம் இருக்குமாம். "உங்க ஆசாரியோட முடி எங்களுக்கு உத்தரம், சித்தி!" என்றான்.

ஆசாரியிடம் இதைச் சொன்னபோது அவர் அசரவில்லை. "இரும்பு மழைக்கு ஊதாதும்மா. தம்பியை ஒரு ஐப்பசி மாசம் வந்து கதவு மாட்டச் சொல்லுங்க, பார்ப்போம்!"