பியானோ மேல் ஒரு கைப்பை

1988ஆம் ஆண்டு பனிக்காலம். ரொறொன்ரோவில் ஓர் உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஊரைவிட்டு வந்து நாலு மாதம். படித்த ஆங்கிலம் ஆட்கள் பேசும்போது பிடிபடாது. அடுப்படியில் நின்ற சமையற்காரர் டெற்றோயிற்றில் பிறந்த கறுப்பர், ஐம்பது வயதிருக்கும். அவருடைய கசெற்றில் எந்நேரமும் அரீத்தா ஃபிராங்க்ளின்தான். ஒரு பாட்டின் நடுவில் அந்தக் குரல் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னது. எழுத்துகள் எனக்குத் தெரியுமே! சவர்க்கார நுரைக்குள் கையை வைத்தபடி கூட்டிப் பார்த்தேன். றெஸ்பெக்ற். மரியாதை. அந்தக் குசினியில் எனக்குத் தடுமாறாமல் விளங்கிய முதற்சொல் அது.

அந்தப் பாட்டு ஓற்றிஸ் றெடிங் 1965இல் எழுதிப் பாடியது. வீடு திரும்பும் ஆண் மனைவியிடம் கேட்பது. 1967 பெப்ரவரியில் அரீத்தா அதைப் பெண் கேட்பதாக்கினார். எழுத்துக்கூட்டலும் அவர் சேர்த்ததுதான். பின்குரல் கொடுப்பவர்களில் சகோதரிகள் ஏர்மாவும் கரலினும் உண்டு. அதற்குமுன் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் ஆறு வருடம் பாடியும் அரீத்தாவுக்குப் பெரிய பெயர் கிடைக்கவில்லை.

சமையற்காரர் இளவயதில் நியூ பெத்தேல் சபைக்குப் போனவர். அரீத்தாவின் தகப்பன் சி. எல். ஃபிராங்க்ளின் அங்கே போதகர். பதினாலு வயதுப் பிள்ளை பியானோவில் இருந்து பாடியதைச் சொல்லும்போது இவர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். சபை அப்போதிருந்த ஹேஸ்ரிங்ஸ் வீதி பிறகு நெடுஞ்சாலைக்காக இடிபட்டது. அங்கிருந்த வாசல்களை ஒவ்வொன்றாக விரல்மடித்து எண்ணுவார். நானும் மனதுக்குள் எங்கள் ஒழுங்கை வீடுகளை எண்ணுவேன். படலை இருந்தது, கிணற்றடி இருந்தது, இரண்டு வீடு இல்லை.

கைப்பைக் கதையைச் சொன்னவரும் அவர்தான். மேடையேறமுன் அரீத்தா கூலியைக் காசாக எண்ணி வாங்கிப் பையில் போட்டு, பாடும்போது கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருப்பார். கறுப்பின மூத்த கலைஞர்கள் பாடியும் பணமில்லாமல் திரும்பியதைக் கண்டு வளர்ந்தவர். அமெரிக்க வானொலி நிலையங்கள் பாட்டை எழுதியவருக்குத்தான் பணம் கொடுக்கும், பாடியவருக்கு இல்லை. 'றெஸ்பெக்ற்' அங்கே எத்தனை ஆயிரம் தரம் ஒலித்தாலும் பாடியவருக்கு ஒரு சதமும் வராது. எனக்கு முன்பு வேலை தந்த இடத்தில் இரண்டு கிழமைச் சம்பளம் தராமலே விட்டிருந்தார்கள். யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இருந்தவனுக்கு அந்தக் கைப்பை எவ்வளவு பெரிய செய்தி!

அந்த உணவகம் இப்போது இல்லை. சமையற்காரர் எங்கே போனாரோ. 2018 ஓகஸ்ட் 16 அரீத்தா டெற்றோயிற்றில் காலமான அன்று அவரைத்தான் தேடியது மனம். இழவுச்செய்தியைச் சொல்லிக்கொள்ள வேறு ஆளில்லை.

அன்றிரவு 2015 கென்னடி மைய விழா ஒளிப்பதிவைப் போட்டேன். எழுபத்துமூன்று வயது. நீண்ட உரோமக் கோட்டோடு நடந்து வந்து, கைப்பையைப் பியானோ மேல் வைத்துவிட்டு இருந்தார். வாசித்தார், பாடினார். மாடத்தில் ஒபாமா கண்ணைத் துடைத்தார். பிறகு அரீத்தா எழுந்து முன்னால் வந்து, பாட்டின் உச்சத்தில் கோட்டைத் தோளிலிருந்து நழுவ விட்டார். அது தரையில் விழுந்து கிடந்தது. பை பியானோ மேலேயே இருந்தது.