நிமிடத்திற்கு எத்தனை சொல்?

"ஒரு மணி நேரத்தில் ஒரு நூல்! ஒரு திங்களில் ஓர் அலமாரி!" என்று முழங்கும் துண்டறிக்கை ஒன்று, நாம் பணியாற்றும் பள்ளியின் வாயிலில் வழங்கப்பட்டது. விரைவுப் படிப்புப் பயிற்சியாம்! நிமிடத்திற்கு 1000 சொற்கள் படிக்க வைப்பார்களாம்! ஆங்கிலேயர் 230-க்கு மேல் படிக்கிறார், நீ எத்தனை படிக்கிறாய் என்று ஓர் இடித்துரை வேறு! ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைக் கொண்டுவந்து, "எண்ணிப் பார்த்தேன் ஐயா, 96-தான் வந்தது. நான் மந்தமா?" என்று கேட்டாள். பாடப்புத்தகம் தவிர வேறு நூல் நுழையாத வீடு அவளுடையது. பயிற்சிக் கட்டணத்துக்கென்று அவள் தந்தை கடனுக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

தாயத்துக் கட்டினால் காய்ச்சல் தீரும் என்பவனிடம் 'எப்படி?' என்று கேட்கக் கற்றவர்கள் நாம். எண்ணைக் காட்டினால் மட்டும் வாய்மூடி நிற்கலாமா? எண் பொய் சொல்லாது என்பார்கள். எண்ணை ஏந்தி வருபவர் சொல்லலாமே!

கண் எப்படிப் படிக்கிறது? தண்டவாளத்தில் வண்டி ஓடுவதுபோல வரியின்மீது வழுக்கிச் செல்கிறது என்றுதான் தோன்றும். எமில் ழவால் என்னும் பிரெஞ்சுக் கண் மருத்துவரின் ஆய்வகத்தில், 1870களின் இறுதியில், உண்மை வேறாகத் தெரிந்தது. கண் வழுக்கவில்லை; தாவுகிறது! தாவி நிற்கிறது, நிற்கும் இடத்தில்தான் படிக்கிறது. ஒரு நிறுத்தத்திற்கு ஏறத்தாழக் கால் நொடி. நிமிடத்திற்கு 240 நிறுத்தங்கள் என்றாகிறது. ஒரு நிறுத்தத்தில் ஆங்கிலச் சொல் ஒன்று, சில வேளை சற்றுக் கூடுதல். 1000 சொற்களுக்கு இடமேது? மார்க் பிரைஸ்பர்ட் என்னும் பெல்ஜிய அறிஞர் 2019-இல் 190 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். கதையல்லாத ஆங்கில நூல்களை மௌனமாகப் படிப்போரின் சராசரி 238 என்று கண்டார். ஆயிரம் என்பவர் படிப்பதில்லை, மேய்கிறார். செய்தித்தாளுக்கு மேய்ச்சல் போதும். அதற்குப் படிப்பு என்று பெயர் சூட்டிப் பணம் பறிப்பதுதான் வாணிகம்.

சரி, 238-க்கும் 96-க்கும் இடையே கிடக்கும் பள்ளம்? 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்று எழுதிப் பாருங்கள். தமிழில் ஒரே சொல், 18 எழுத்துகள். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஆறு சொற்களாவது வேண்டும். ஆறு செங்கல் அடுக்கியவனையும் ஒரு பாறையைப் புரட்டியவனையும் நிறுத்தி, 'ஆறு பெரிதா, ஒன்று பெரிதா?' என்று கேட்பதா நீதி? 2012-இல் வெளியான ஆய்வொன்று 17 மொழிகளில் உரக்கப் படிப்போரை அளந்தது. தமிழைப் போலவே ஒட்டின்மேல் ஒட்டுச் சேர்த்துச் சொல்லை நீட்டும் மொழி ஃபின்னிஷ். அதில் நிமிடத்திற்கு 161 சொற்கள், ஆங்கிலத்தில் 228. ஆனால் எழுத்தை எண்ணினாலோ ஃபின்னிஷ் 1078, ஆங்கிலம் 987! பின்தங்கியவர் யார்? அந்தப் பதினேழில் தமிழ் இல்லை என்பது வருத்தத்திற்குரியது. பிறர் வந்து அளக்கட்டும் என்று காத்திருப்பது அதைவிட வருத்தத்திற்குரியது.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'படித்துக் கொண்டு' என்று ஒருவர் பிரித்து அச்சிடுவார். 'படித்துக்கொண்டு' என்று மற்றொருவர் சேர்த்து அச்சிடுவார். அதே கண், அதே கருத்து, இரு வேறு வேகம்! முழக்கோலே நீண்டு குறுகினால் துணியை அளப்பது எங்ஙனம்?

ஆகவே நாம் எழுத்தை எண்ணினோம். புதிய கட்டுரை நூலொன்றில் பத்து வரிகளின் எழுத்துகளை எண்ணிச் சராசரி கண்டோம்: வரிக்கு 36. மெய்யெழுத்தும் ஓர் எழுத்தே. கடிகாரத்தை எதிரே வைத்து, வழக்கமான நிதானத்தில் 168 வரிகள் படித்தோம். 8 நிமிடங்கள் ஆயின. 6048 எழுத்துகள், நிமிடத்திற்கு 756. வரிக்கு ஆறு சொல் என்று கொண்டால் 126 சொற்கள். பட்டம் பெற்ற ஆசிரியரின் வேகம் இவ்வளவே! ஒரு துப்பறியும் கதையில் அது 1000 எழுத்துகளைத் தாண்டியது. பழைய இலக்கண உரை ஒன்றில் 300-க்கும் கீழே இறங்கியது. ஒரே ஆளுக்கு மூன்று வேகங்கள்; இதில் எதை நெற்றியில் ஒட்டிக்கொள்வது?

நூலை மூடியபின் நண்பர் ஒருவர் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். தானே வினவித் தானே விடை சொல்வது, தானே தேர்வு எழுதித் தானே மதிப்பெண் இடுவதற்கு ஒப்பாகும். வகுப்பில் இவ்வாறே செய்தோம். மிக விரைந்து முடித்தவனுக்கு இரண்டு விடைகள் தெரிந்தன. 96 சொற்காரிக்கு நான்கு. விரைவாகவும் படித்து ஐந்தும் சொன்ன மாணவி ஒருத்தியும் இருந்தாள், அதையும் மறைக்கக் கூடாது. அவள் நூலகத்திலேயே பொழுதைக் கழிப்பவள். பழகிய சொல் பெருகினால் கண் நிற்கும் நேரம் குறையும். வேகத்திற்கு நாமறிந்த வழி இது ஒன்றே. இதற்குக் கட்டணமும் இல்லை.

உதடு அசைகிறதே என்று பிள்ளைகளை அதட்டும் வழக்கமும் உண்டு. உள்ளே ஒலிக்கும் குரலை அடக்கினால் கடினமான கருத்து பிடிபடாமல் போகும் என்பதே ஆராய்ச்சியாளர் கண்டது. முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டுக் கருத்தறிந்த நாடல்லவா இது! உரக்கப் படித்தால் வேகம் குறையும்; குறையட்டுமே.

அந்த மாணவியின் தந்தையிடம் எழுத்துக் கணக்கைக் காட்டினோம். கடன் வேண்டாம் என்று முடிவாயிற்று; நூலக உறுப்பினர் படிவத்தில் கையொப்பமிட்டார்.

அளந்து பார்க்க விரும்பும் தோழர்கள் இந்த இதழின் அடுத்த கட்டுரையையே எடுத்துக்கொள்ளலாம். கடிகாரம், எழுதுகோல், கேள்வி கேட்க ஒரு நண்பர். உறக்கம் கண்ணைச் சுழற்றும் இரவில் வேண்டாம், காலையில் அளவுங்கள்.