அண்ணனின் முழங்காலும் ஒரு சின்ன சிப்பும்

அண்ணன் கிட்டாரைத் தொட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் அவன்தான் கிட்டாரிஸ்ட். பைக் விபத்தில் வலது கணுக்காலில் பிளேட் வைத்தார்கள். நடக்கிறான், மாடிப்படி ஏறுகிறான். கணுக்கால் மட்டும் மடங்காது. "கைக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, எடுத்து வாசிக்க வேண்டியதுதானே?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவான்.

விஷயம் எனக்குப் புரியவே நாளானது. அவன் வாசிப்பின் உயிர் வால்யூம் பெடலில் இருந்தது. சத்தத்தை அடக்கிவைத்துக் கம்பியை மீட்டி, பிறகு மெதுவாகப் பெடலை அழுத்தினால், 'டங்' என்ற தொடக்கம் காணாமல்போய், வயலின் போல இழையும் ஒலி மட்டும் வரும். அதற்குக் கணுக்கால் மடங்கியாக வேண்டும்.

பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர்கள் முழங்காலால் தள்ளும் லீவரை ஒரு வீடியோவில் பார்த்தேன். அண்ணனுக்கு முழங்கால் நன்றாகவே இருக்கிறதே! பழைய பெடலைப் பிரித்து, உள்ளே இருந்த பாட்டை, அதாவது வால்யூமைத் திருகும் கன்ட்ரோலை, நீள வயரில் நாற்காலிக்கு இழுத்தேன். 'உம்ம்ம்' என்று இரைச்சல்தான் வந்தது. அண்ணன் கோரஸ் எஃபெக்ட்டிலிருந்து இடது, வலது என்று இரண்டு ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பவன். ஒரே தண்டில் இரண்டு பாட் இருந்தாலும் அவை துல்லியமாக ஒத்துப்போவதில்லை. சத்தம் குறையக் குறைய ஒலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

எலக்ட்ரானிக்ஸ் நான் படித்ததில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து இரவுகளில் தேடியபோதுதான் வி.சி.ஏ. என்ற பெயர் கண்ணில் பட்டது. வோல்டேஜால் கட்டுப்படுத்தும் ஆம்ப்ளிஃபயர். இதில் பாட்டுக்குள் இசை போவதே இல்லை. பாட் ஒரு வோல்டேஜை மட்டும் அனுப்பும். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் சிப்பின் வேலை. அந்த வயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அதில் ஏறும் இரைச்சலையும் பாட்டின் கரகரப்பையும் ஒரு கெப்பாசிட்டர் விழுங்கிவிடும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெசிஸ்டர், ஐ.சி. பேஸ், டாட் போர்டு எல்லாம் கிடைத்தன. 2164 என்ற சிப்பை மட்டும் ஆன்லைனில் வாங்கினேன். அதற்குள் நான்கு வி.சி.ஏ. இருக்கின்றன. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டின் கன்ட்ரோல் காலையும் சேர்த்துக்கட்டினால் ஒன்றாகவே ஏறி இறங்கும். 0 வோல்ட் என்றால் முழுச் சத்தம். அதற்கு மேல் ஒவ்வொரு 33 மில்லிவோல்ட்டுக்கும் 1 டெசிபல் குறையும்.

முழங்கால் எவ்வளவு நகரும்? பாட் மொத்தம் 300 டிகிரி சுற்றுமென்றால், லீவர் திருப்பியது 60 டிகிரிதான். 9 வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு, 1.8 வோல்ட். சுமார் 55 டெசிபல். கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். போதும், கிட்டத்தட்ட மௌனம்! அந்தச் சந்தோஷம் சொன்னால் புரியாது. (நெகட்டிவ் வோல்டேஜுக்குப் போட்ட குட்டி ஐ.சி. கொசுபோல ரீங்கரித்ததும், அதைக் காதுக்கு எட்டாத வேகத்தில் ஓடும் வகையாக மாற்ற ஒரு வாரம் போனதும் தனிக்கதை.)

அலுமினியப் பட்டை, ஒரு ஸ்பிரிங், பாட். காலை வெளியே தள்ளினால் சத்தம் அடங்கும்; விட்டால் ஸ்பிரிங் இழுக்க, ஒலி மெல்ல மேலே வரும். அண்ணன் முதல் தடவை வாசித்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

குழுவின் ரிகர்சலில் மானம் போனது. நடுப்பாட்டில் கன்ட்ரோல் வயர் பிடுங்கிக்கொண்டது. வோல்டேஜ் பூஜ்ஜியம், கிட்டார் முழுச் சத்தத்தில் அலறியது. பாடிக்கொண்டிருந்த அக்கா மைக்கைக் கீழே போட்டுவிட்டார். அன்று இரவே, வயர் கழன்றால் மௌனமாகிவிடும்படி மாற்ற இரண்டு ரெசிஸ்டரோடு உட்கார்ந்தேன்.

"வேணாம் பாப்பா" என்றான் அண்ணன். "சத்தம் வந்தா கையால கம்பியை அமுக்கிடுவேன். சத்தமே வரலைன்னா மேடையில நான் என்ன பண்றது?"

எட்டு மாதம் சத்தமில்லாமல் இருந்தவன் சொல்கிறான். ரெசிஸ்டர்களை டப்பாவில் போட்டுவிட்டு, வயரை மட்டும் இறுக்கிக் கட்டினேன்.

போன மாதம் ஒரு ரிசப்ஷனில் வாசித்தான். கூட்டம் சாப்பாட்டுப் பந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டான்: "அந்தச் சிப்புல இன்னும் ரெண்டு சும்மாதானே இருக்கு? கீபோர்டுக்காரர் தனக்கும் ஒண்ணு வேணும்கிறாரு."